வெங்கச்சங்கல்லுக்கு வெல்லம்

என் வீட்டில் வெல்லம் வாங்குவதில்லை. கருப்பட்டி உண்டு, சீனி உண்டு. வெல்லம் மட்டும் வாசற்படி ஏறாது. பக்கத்து வீட்டு மராட்டிக்காரி சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த உருண்டையோடு வருவாள். அதைக் கையில் வைத்து, இனி நாம் இனிப்பாகவே பேசிக்கொள்வோம் என்று சொல்வது அவர்கள் வழக்கம். நல்ல வழக்கம்தான். அவளும் நல்லவள்தான். சிரித்துக்கொண்டே வாங்கி, அவள் தலை மறைந்ததும் படிக்கட்டில் விளையாடும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவேன். சுகர் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஆமாம் என்று தலையாட்டிவிடுகிறேன். சுகருமில்லை, ஒரு மண்ணுமில்லை. எனக்கு இருப்பது கோபம். இத்தனை வயதுக்குப் பிறகும் அது ஆறவில்லை, ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

என் வீட்டுக்காரர் ஒரு பொடி மில்லில் வேலை பார்த்தார். அதே மில்லில் நானும் பார்த்தேன். அறுபதுகளின் தொடக்கம். தாராவியிலிருந்து சயான் வரைக்கும் நடந்து, அங்கே பஸ் பிடித்து செம்பூர் தாண்டி இறங்குவோம். டிராம்பே போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தகரக்கூரை போட்ட இரண்டு ஷெட். லாரியில் வெங்கச்சங்கல் வந்து இறங்கும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துத் தேரிக்காட்டில் காலில் குத்துமே, அதே வெள்ளைக் கல். சின்னப்பிள்ளையில் இரண்டு கல்லை உரசித் தீப்பொறி பார்த்திருக்கிறேன். அந்தக் கல்லை மாவாக அரைத்து விற்கலாம் என்று பம்பாய் வந்துதான் தெரிந்தது. பீங்கான் கோப்பை செய்கிறவன் வாங்குவான், கண்ணாடி செய்கிறவன் வாங்குவான், பாத்திரம் தேய்க்கிற பவுடர் செய்கிறவனும் வாங்குவான்.

அரைப்பது டிரம்மில். ஆள் உள்ளே படுத்து உருளலாம், அவ்வளவு பெரிசு. உள்சுவர் முழுக்கக் கல் பதித்திருக்கும். அரைப்பதற்கும் கல்தான், உருண்டை உருண்டையாகக் கடல்கூழாங்கல். உடைத்த வெங்கச்சங்கல்லைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடியை முறுக்கி, பெல்ட்டை மாட்டிவிட்டால் அது பாட்டுக்குச் சுற்றும். முதலில் காது கிழியும். அரைபட அரைபடச் சத்தம் கம்மி, கடைசியில் இட்லி மாவு ஆட்டுகிற உரல் மாதிரி குழைவாகக் கேட்கும். அப்போது நிறுத்தி, மூடியைத் திறந்து, சல்லடை வழியே தொட்டியில் விடுவார்கள். அங்கிருந்து எங்கள் வேலை. பெண்கள் எல்லாரும் முற்றத்துக்காரிகள். தொட்டியில் பொடி அடியில் தங்கும்வரை காத்திருந்து, மேல் தண்ணீரை இறுத்து, வெள்ளைக் களியை வாரி, செங்கல் தளத்தில் பரப்பி, வெயிலில் உலரவிட்டு, லேசான ஈரம் இருக்கும்போதே கட்டி கட்டியாக வெட்டி அடுக்குவோம். கோப்பைக்காரனுக்கு அப்படியே போகும்.

கை வெடிக்கும். விரலிடுக்கில் புண் வரும், தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு தூங்குவோம். ஆனால் ஒருத்திக்கும் நெஞ்சு அடைக்கவில்லை. தண்ணீருக்குள் கிடந்த பொடி எங்கே பறக்கும்? மூக்குக்கு வராது. என் வீட்டுக்காரர் அப்போது தண்ணீர் டிரம்மில்தான் இருந்தார். முழங்கால் வரைக்கும் சேறாக வருவார், வழியில் ஒரு பாட்டை முனகிக்கொண்டே. நல்ல மூச்சு அவருக்கு. எங்கள் வேதக்கோயிலில் ஞாயிற்றுக்கிழமை கீதம் பாடும்போது கடைசி அடியை எல்லாரும் விட்ட பிறகும் இழுத்துக்கொண்டு நிற்பார். நான் முழங்கையால் இடித்தால்தான் நிறுத்துவார்.

ஒரு வருடம் மழை நிற்காமல் அடித்தது. பம்பாய் மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். பரப்பிய களி களியாகவே கிடந்தது. கட்டி காயவில்லை, லாரி காலியாகத் திரும்பியது. முதலாளி சேட்டு இன்னொரு ஷெட்டில் புது டிரம் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே கல் இல்லை, இரும்புத் தகடு. கூழாங்கல்லுக்குப் பதில் இரும்புக் குண்டு. தண்ணீர் ஒரு சொட்டுக் கிடையாது. காய்ந்த கல்லைப் போட்டுக் காய்ந்த மாவாக அரைத்து, சலித்து, அன்றைக்கே சாக்கில் கட்டி அன்றைக்கே லாரியில் ஏற்றலாம். வெயில் வேண்டாம், முற்றம் வேண்டாம், முற்றத்துக்காரிகளும் வேண்டாம். எங்களை மழை முடியட்டும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆம்பிளைகளைக் காய்ந்த டிரம்முக்கு மாற்றினார்கள்.

மழை முடிந்தது. தண்ணீர் டிரம் ஓடவில்லை, எங்களையும் கூப்பிடவில்லை. இவ்வளவு சுளுவாக வேலை ஆகும்போது எந்தச் சேட்டு தண்ணீர் ஊற்றுவான்?

முதல் நாள் அவர் அந்த டிரம்மிலிருந்து வீடு வந்தபோது எங்கள் சந்தே சிரித்தது. தலைமுடி வெள்ளை, புருவம் வெள்ளை, காது மடலெல்லாம் வெள்ளை. "வெள்ளைக்காரன் திரும்பி வந்துட்டாம்லே!" என்று எதிர்வீட்டுக்காரர் கத்தினார். இவரும் சலாம் வைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு குழாயடியில் அவர் மூக்கைச் சிந்தினார், வந்தது பசை மாதிரி வெள்ளையாக வந்தது. எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

அந்த ஷெட்டில் குடிக்கிற தண்ணீர்ப் பானை கூட வைக்கக் கூடாது என்று உத்தரவு. ஈரம் பட்டால் பொடி குண்டில் அப்பிக்கொள்ளுமாம், டிரம் கெட்டுவிடுமாம். பானையை வெளியே வைத்தார்கள். அதற்குப் பதில் உள்ளே வந்தது வெல்லம். வேலை முடிந்து போகும்போது ஆளுக்கு ஒரு கட்டி. வெல்லத்தை மென்றால் தொண்டையில் நெஞ்சில் ஒட்டிய தூசி எல்லாம் வழுக்கிக்கொண்டு வயிற்றுக்குள் இறங்கி, மறுநாள் காலையில் வெளியே போய்விடும். இதை யார் கண்டுபிடித்தார்கள் என்று கேட்காதீர்கள். தூசி வேலை பார்க்கிற அத்தனை பேரும் நம்பினார்கள். பஞ்சு மில்காரனும் நம்பினான், மாவு மில்காரனும் நம்பினான். எங்கள் சந்து முனை டாக்டரே நம்பினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அட, மூச்சுப் போகிற வழி வேறு, சோறு போகிற வழி வேறு. புரை ஏறி ஒரு தரம் இருமிய பிள்ளைக்குக்கூட அது தெரியும்! இவர்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த மழைக்குள் ஆட்கள் இருமத் தொடங்கினார்கள். என் வீட்டுக்காரர் மாட்டுங்கா ரயில் பாலத்தில் பாதியில் நின்றார். கீழே போகிற ரயிலைப் பார்க்கிற மாதிரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு முட்டித்தான் நின்றார், நான் தெரியாதவளா? அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கீதத்தின் கடைசி அடியை எல்லாரோடும் சேர்ந்தே விட்டார். இல்லை, எல்லாருக்கும் முன்பே விட்டார். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த மனுஷன் தண்ணீர் டிரம்முக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் எனக்கு மிஞ்ச மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மில் ஆட்கள் எல்லாரும் கோயில் வளாகத்தில் கூடினார்கள். வேலையை நிறுத்துவோம், சேட்டிடம் கேட்போம் என்று ஆம்பிளைகளுக்குள் பேச்சு. நான் ஓரமாக நின்றவள் நடுவில் போய்ச் சொன்னேன்: "வேற ஒண்ணும் கேக்காதீங்க. தண்ணி டிரம்ம ஓட்டச் சொல்லுங்க. அது ஒண்ணு போதும்." எல்லாரும் தலையை ஆட்டினார்கள். "மயினி சொல்லுதது சரிதான்" என்றார்கள். தலையை நன்றாக ஆட்டினார்கள், அதில் குறையே இல்லை.

மறுநாள் மில் மேனேஜர் இந்த ஆட்களைக் கூப்பிட்டுப் பேசினார். மாட்டுங்காக்காரர், நம்ம தமிழ்தான், படித்தவர், எந்தக் கல்லில் என்ன இருக்கிறது என்று சோதித்துச் சொல்கிறவர். சாயந்திரம் என் வீட்டுக்காரர் திரும்பி வரும்போதே முகம் மலர்ந்திருந்தது.

"சேட்டு ஒத்துக்கிட்டாரு ளா."

"தண்ணி டிரம்முக்கா?"

"வெல்லத்துக்கு. இனி ரெண்டு கட்டி. சாயங்காலம் ஒண்ணு, மத்தியானம் சாப்பிட்ட பொறவு ஒண்ணு. ஆளுக்கொரு வாழைப்பழமும் தாறாவளாம்."

என் கையில் அகப்பை இருந்தது. அதை எங்கே எறிந்தேன் என்று நினைவில்லை. "தண்ணி கேக்கப் போயிட்டு வெல்லம் வாங்கிட்டு வந்திருக்கியளே, உங்களுக்கெல்லாம் மீசை ஒரு கேடா?" என்று கத்தினேன். சந்தில் நாலு வீட்டுக் கதவு திறந்தது.

"ஏளா, மெதுவாப் பேசு. அவரு மனசெறங்கிக் குடுக்காரு. வெல்லம் கூடுனா தூசி எறங்கிரும். நீ ஏன் கெடுக்க?" அதைச் சொல்வதற்குள் இரண்டு தரம் மூச்சு வாங்கினார்.

கொடுமை என்னவென்றால், அவர் கோழை இல்லை. அத்தனை பேருமே கோழைகள் இல்லை. வெல்லம் இரண்டு கட்டியானது பெரிய வெற்றி என்று மனதார நம்பினார்கள்.

நான் மேனேஜர் வீட்டுக்கே போனேன். பாலம் ஏறி இறங்கி, பூக்கடைகளைத் தாண்டி, கோயில் தெருவில் இரண்டாம் மாடி. கதவு திறந்திருந்தது. உள்ளே கூப்பிடவில்லை, நானும் நுழையவில்லை, படியிலேயே நின்றேன். எதிரே தெரிந்த சமையற்கட்டில் அவர் சம்சாரம் பித்தளை அண்டா தேய்க்க உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தேய்க்கிற பவுடர் டப்பா. எங்கள் கல்லில் செய்ததுதான், பார்த்ததும் தெரிந்தது.

"என்னம்மா, ஆத்துக்கே வந்துட்டே?" என்றார் மேனேஜர்.

"ஐயா, என் வீட்டுக்காரரத் தண்ணி டிரம்முக்கு மாத்துங்க. அவருக்கு மூச்சு முட்டுது."

"தண்ணி விட்டு அரைச்சா அதைக் காய வைக்கணுமோல்லியோ? இடம் வேணும், வெயில் வேணும், நாளாகும். சேட் கேக்க மாட்டேங்கறார். நான் என்ன பண்றது சொல்லு. வெல்லம் குடுக்கச் சொல்லியிருக்கேனே."

அப்போது அந்த அம்மா டப்பாவைக் கவிழ்த்தார். பவுடர் லேசாகப் புகைந்தது. மேனேஜர் சட்டென்று திரும்பினார். "ஏய், மொதல்ல தண்ணிய விட்டுக்கோ! அப்பறமா தேய். பொடி மூக்குல போயிடப்போறது."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அண்டாவுக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது! நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஒரு சிட்டிகைப் பொடிக்குத் தன் பெண்டாட்டியின் மூக்குக்குப் பதறுகிறவர், மூட்டை மூட்டையாகப் பறக்கிற ஷெட்டுக்கு வெல்லம் அனுப்புகிறார். "உங்க வீட்டம்மாவுக்கு மட்டும் தண்ணியா சார்?" என்று கேட்டேன். அவர் கதவைச் சாத்தவில்லை. அண்டா தேய்க்கிற சத்தம் நின்றிருந்தது. நான் இறங்கி வந்துவிட்டேன்.

சில வாரம் கழித்து மில்லிலிருந்து ஆள் வந்தது, முற்றத்துக்காரிகள் எல்லாரும் மறுநாள் வேலைக்கு வர வேண்டும் என்று. நான் மேனேஜருக்கு மனச்சாட்சி உறுத்திவிட்டது என்று நினைத்தேன். வழியெல்லாம் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் தண்ணீர் டிரம் சுற்றுகிறது, தரையெல்லாம் கழுவி விட்டிருக்கிறது, புதுக் களி பரப்பியிருக்கிறது. காய்ந்த ஷெட்டில் பூட்டு. என் வீட்டுக்காரர் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நிற்கிறார், முகமெல்லாம் பல். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகுதான் சொன்னார்கள், தொழிற்சாலைகளைப் பார்வையிடும் சர்க்கார் அதிகாரி வருகிறாராம். ஒரு நாள் கூத்து. அவர் போனதும் பூட்டைத் திறந்து பழையபடி.

அதிகாரி வந்தார். மராட்டிக்காரர், கறுப்புக் குடை. டிரம்மைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். என் வீட்டுக்காரரிடம் நின்று, ஏதாவது தொந்தரவு உண்டா என்று இந்தியில் கேட்டார். நான் தொட்டிக்கு இந்தப் பக்கம் கையெல்லாம் களியோடு நிற்கிறேன். சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று உள்ளுக்குள் அலறுகிறேன்.

"தக்லீப் நை சாப்," என்றார் இவர். "ரோஜ் குட் மில்தா."

தொந்தரவு இல்லை ஐயா, தினமும் வெல்லம் தருகிறார்கள். பயந்து சொல்லவில்லை. நன்றியோடு சொன்னார். தன் முதலாளிக்கு ஒரு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கிற சந்தோஷத்தில் சொன்னார்.

என்னால் முடியவில்லை. களியோடு ஓடிப்போய்ப் பூட்டைக் காட்டி, எனக்குத் தெரிந்த பஜார் இந்தியில் கத்தினேன்: "சாப், உதர் தாலா கோலோ! உதர் தேகோ!" அந்தப் பூட்டைத் திறந்து பாருங்கள் என்று. மேனேஜர் முகம் சுண்டிப்போனது. உடனே இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கோடவுன், அதாவது சரக்கு வைக்கிற கிடங்கு, என்ற வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. அதிகாரி பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டு, "கோடவுன் ஹை சாப்," என்றார். டீ வந்தது. அதிகாரி டீயைக் குடித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

இனி மில் பக்கமே வரக் கூடாது என்று என்னை அனுப்பிவிட்டார்கள். இவரை வைத்துக்கொண்டார்கள்.

பஸ்ஸில் இவர் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்ததும், "என் சோத்துல மண்ணள்ளிப் போடப் பாத்தியே ளா," என்றார்.

"மண்ணு உங்க நெஞ்சுல கெடக்கு. போயி இருமிப் பாருங்க," என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. குழாயடிக்குப் போய் வர இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். பிறகு கட்டிலோடு ஆனார். ஆஸ்பத்திரியில் டி.பி. என்று ஊசி போட்டார்கள். டி.பி. என்றதும் சந்து ஒதுங்கியது, அன்றைக்கு வெள்ளைக்காரன் என்று சிரித்த வீடுகள்தான். பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். நான் வாசலில் நின்று சொன்னேன், இது ஒட்டுகிற வியாதி இல்லை, கல்லு, அவருக்குள்ளே கல்லு இருக்கிறது என்று. யார் கேட்டார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட வேலை பார்த்தவர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். அவர்கள் மட்டும் பயப்படாமல் கட்டிலில் உட்கார்வார்கள். கையில் ஒரு துணிப்பொட்டலம். முகத்தில் அப்படி ஒரு களை.

"மயினி, தண்ணி டிரம்மு ஓடுது! இனி அதுதானாம். காஞ்ச டிரம்மக் கழத்திட்டாவ."

"எப்படி? யாரு சொல்லி?" என்று வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். சொன்னார்கள். காய்ந்த டிரம்மின் இரும்பு நாளாக நாளாகத் தேய்ந்து பொடியோடு கலந்துவிட்டதாம். கோப்பைக்காரன் சூளையிலிருந்து எடுத்துப் பார்த்தால் வெள்ளைக் கோப்பை முழுக்க மிளகைத் தூவியது போலக் கறுப்புப் புள்ளி. லாரி லாரியாகப் பொடியைத் திருப்பி அனுப்பிவிட்டான். சேட்டு ஒரே வாரத்தில் தண்ணீர் டிரம்முக்குப் புதுக் கல் பதித்து, கூழாங்கல் இறக்கி, பெல்ட்டை மாட்டிவிட்டார்.

ஒரு வாரம்! இத்தனை ஆம்பிளைகள் இருமிக் கேட்டது காதில் ஏறாத சேட்டுக்கு, டீக் கோப்பையில் புள்ளி விழுந்தது ஒரு வாரத்தில் ஏறிவிட்டது. இடம் இல்லை, வெயில் இல்லை, நாளாகும் என்றதெல்லாம் எங்கே போனது? அந்தச் சேட்டு நன்றாக இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாசமாகப் போகட்டும் என்று அன்றைக்கே சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

உள்ளே இவர் கூப்பிட்டார். அவர்கள் விஷயத்தை ஏற்கெனவே அவரிடமும் சொல்லியிருந்தார்கள், டிரம் ஓடுவதை மட்டும். கோப்பைக் கதை அவருக்குத் தெரியாது.

"பாத்தியா," என்றார். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. "சேட்டுக்கு... மனசு எறங்கிட்டு. நான்... சொன்னம்லா."

என் வாய் எப்படிப்பட்ட வாய் என்று அந்தச் சந்துக்கே தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். எவ்வளவு நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு தெளிச்சி. வாயை மூடிக்கொண்டேன்.

வந்தவர்கள் துணிப்பொட்டலத்தைப் பிரித்தார்கள். வெல்லம். தங்களுக்குக் கிடைக்கிற மத்தியானக் கட்டியைத் தின்னாமல் இவருக்கென்று சேர்த்து வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். தங்கள் நெஞ்சுத் தூசி இறங்காவிட்டாலும் போகட்டும், இவருக்கு இறங்கட்டும் என்று. அதை எப்படித் தூக்கி எறிவேன்? சேட்டு நேராகக் கொடுத்தது என்றால் அவன் வாசலிலேயே வீசியிருப்பேன்.

"கொஞ்சம் தாயேன் ளா," என்றார்.

கடிக்க அவருக்குத் தெம்பில்லை. ஒரு கட்டியை நுணுக்கித் தண்ணீரில் கரைத்து, தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கரண்டி கரண்டியாக விட்டேன். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். கையால் நெஞ்சைத் தடவினார்.

"எறங்குது," என்றார். "இப்பம் நல்லா எறங்குது."

"ஆமா, எறங்குது," என்றேன் நான்.

புதுக் கல் பதித்த அந்தத் தண்ணீர் டிரம்மில் அரைத்த முதல் களி முற்றத்தில் காய்ந்து கட்டியாவதற்குள் அவரைப் புதைத்துவிட்டோம். பொட்டலத்தில் மிச்சம் வெல்லம் இருந்தது. எறும்பு மொய்த்துத் தின்று தீர்க்கும்வரை அதை நான் தொடவில்லை.